கறிக்கடைக்குள் ஒரு பந்தி: டெக்சாஸ் புகைக்கறி சாப்பிடப் போகிறவருக்கு

டாலஸுக்கு வேலைக்கு வந்திருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது: "ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். லாக்ஹார்ட் பக்கம் ஒரு பழைய பார்பிக்யூ கடையில் சாப்பிட வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. நான் ஒருமுறை நண்பர்களோடு அப்படி ஒரு கடைக்குப் போனேன். தட்டு கிடையாது, தாளில் வைத்துக் கொடுத்தார்கள். முள்கரண்டி கேட்டால் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். தொட்டுக்கொள்ள எதுவும் இல்லை. பின்னால் நின்றவர்களுக்குக் கறியே தீர்ந்துபோனது. விலையோ யானை விலை. இதில் என்ன அப்படிச் சிறப்பு? எப்படிப் போய், எதைக் கேட்டு வாங்குவது? அம்மா மாட்டுக்கறி தொடமாட்டார், அவருக்கு என்ன செய்வது?"

நான் ஆஸ்டினுக்கு வந்து பதினைந்து வருடமாகிறது. வீட்டுக்கு வந்த விருந்தாளிகளில் பாதிப் பேரையாவது லாக்ஹார்ட்டுக்கோ டெய்லருக்கோ கூட்டிப் போயிருப்பேன். கொல்லையில் ஒரு புகையடுப்பும் வைத்திருக்கிறேன். மனசுக்கு நெருக்கமான விஷயம் என்பதால் பதில் கொஞ்சம் நீளும்.

தம்பி, உங்களை உறுத்திய எல்லாவற்றுக்கும் விடை ஒன்றுதான். நீங்கள் போனது ஓட்டல் இல்லை, கறிக்கடை. அதை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஒவ்வொன்றும் தானாகப் புரியும்.

19ஆம் நூற்றாண்டில் நடு டெக்சாஸில் ஜெர்மானியர்களும் செக் மக்களும் வந்து குடியேறினார்கள். அவர்களில் கசாப்புத் தொழில் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இறைச்சிக் கடை போட்டார்கள். குளிர்பதனப் பெட்டி வராத காலம். டெக்சாஸ் வெயிலோ நம் ராமநாதபுரத்து வெயிலுக்குக் குறைந்ததில்லை. அறுத்த மாடு அன்றே விற்றாக வேண்டும். விற்காத கறியைக் கடையின் பின்கட்டில் விறகுப் புகையில் வாட்டினார்கள். துண்டு துணுக்குகளை அரைத்துக் குடலில் அடைத்து சாசேஜ் ஆக்கினார்கள். நம் வீடுகளில் மிஞ்சிய ஆட்டுக்கறிக்கு உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்துக் காயவைத்து உப்புக்கண்டம் போட்டார்களே, அதே கவலைதான் இதற்கும் காரணம். நமக்கு வெயில் கை கொடுத்தது, அவர்களுக்குப் புகை.

இந்தப் பக்கம் பருத்தி விளையும் பூமி. பருத்தி எடுக்க வந்த கறுப்பினத்தவரும் மெக்சிகோக்காரர்களும் ஊர் உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிட முடியாத நிறவெறிக் காலம் அது. அவர்கள் கறிக்கடைக்கு வந்தார்கள். வாட்டிய கறியை எடை போட்டு, இறைச்சி மடிக்கும் தாளிலேயே வாங்கி, கடையில் டப்பாவில் இருந்த உப்பு பிஸ்கட்டையும் ஊறுகாயையும் சேர்த்து வாங்கி, அங்கேயே நின்று சாப்பிட்டார்கள். இன்றைக்கும் உங்கள் தாளின் ஓரத்தில் வெள்ளை ரொட்டியும் வெங்காயமும் வெள்ளரி ஊறுகாயும் வருவது அந்த வழக்கத்தின் மிச்சம்தான். தட்டு இல்லாததும், எடைக்கு விற்பதும், வேறு கறி கொண்டுவந்து நிரப்பாமல் "தீர்ந்தது" என்று பலகை மாட்டுவதும் எல்லாம் கறிக்கடைப் பழக்கம்.

இதில் ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். கடைப் பலகையில் இருப்பவை பெரும்பாலும் ஜெர்மானியப் பெயர்கள். அடுப்படியில் நின்ற கைகள் எல்லாம் அவர்களுடையவை இல்லை. அமெரிக்கத் தென்பகுதி முழுக்கக் குழி வெட்டி, கங்கு பரப்பி, இரவெல்லாம் விழித்துக் கறி வாட்டிய வேலையை அடிமைக் காலத்தில் செய்தவர்கள் கறுப்பின மக்கள். 1865 ஜூன் 19 அன்று கால்வெஸ்டனில் விடுதலை அறிவிப்பு வாசிக்கப்பட்டது. அதைக் கொண்டாடும் ஜூன்டீன்த் விருந்தில் பார்பிக்யூ இன்றும் நடுநாயகமாக இருக்கிறது. மெக்சிகோ எல்லைப் பக்கத்து மாடு மேய்ப்பவர்கள் மாட்டுத் தலையை மண்ணில் புதைத்து வாட்டும் பார்பகோவா தனி மரபு. பார்பிக்யூ என்ற சொல்லே கரீபியத் தீவுகளின் டாய்னோ மக்கள் பேச்சிலிருந்து ஸ்பானிய மொழி வழியாக வந்ததுதான். அப்பாவிடம் கதை சொல்லும்போது இந்தப் பகுதியை விட்டுவிடாதீர்கள்.

இப்போது ஊருக்கு வருவோம். லாக்ஹார்ட் ஆஸ்டினுக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டர். 1999ல் டெக்சாஸ் சட்டமன்றத்தின் கீழவை தீர்மானம் போட்டே அதை மாநிலத்தின் பார்பிக்யூ தலைநகர் என்று அறிவித்தது. அங்கே கிரைட்ஸ் மார்க்கெட் 1900ல் தொடங்கியது, பிளாக்ஸ் 1932ல். கிரைட்ஸ் கடையை 1948ல் எட்கர் ஷ்மிட் என்பவர் வாங்கினார், அவரைச் செல்லமாக ஸ்மிட்டி என்பார்கள். அவருக்குப் பின் வியாபாரம் மகன் ரிக்குக்கும் கட்டடம் மகள் நீனாவுக்கும் போனது. இருவருக்கும் ஒத்துவரவில்லை. 1999ல் ரிக் கடையைக் கொஞ்ச தூரம் தள்ளி ஒரு பெரிய புதுக் கட்டடத்துக்கு மாற்றினார். மாறிய அன்று பழைய அடுப்பின் கங்குகளை ஒரு தொட்டியில் வாரி, தெரு வழியாகவே இழுத்துக்கொண்டு போய்ப் புது அடுப்பை மூட்டினார்கள். புதுமனை புகும்போது அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சும் நமக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. பழைய கட்டடத்தில் நீனா அப்பாவின் பெயரில் ஸ்மிட்டிஸ் மார்க்கெட் என்று கடை திறந்தார். இரண்டும் இன்றைக்கும் இருக்கின்றன.

அப்பாவுக்கு ஒரே ஒரு கடைதான் காட்ட முடியும் என்றால் நான் ஸ்மிட்டிஸைத்தான் சொல்வேன். அங்கே இருப்பதைவிட நல்ல கறி வேறு கடைகளில் கிடைக்கும் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் அந்த அடுப்பு வேறெங்கும் கிடையாது. உள்ளே நுழைந்தால் செங்கல்லால் கட்டிய நீளமான அடுப்புகள். அவற்றின் முனையில், வெறும் தரையில், உங்கள் காலுக்குச் சில அடி தள்ளி விறகு எரிந்துகொண்டிருக்கும். வேலியும் இல்லை, கண்ணாடித் தடுப்பும் இல்லை. நீங்கள் வரிசையில் நிற்பதே அந்த நெருப்புப் பக்கத்தில்தான். ஆகஸ்ட் மாதம் என்றால் முகம் காந்தும். சுவரும் கூரையும் நூறு வருடப் புகையில் கறுத்து மினுங்கும். கூட்டிப்போன என் பெரியப்பா அங்கே நின்று ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் கூரையையே பார்த்தார். பிறகு, "எங்க ஆத்தா அடுப்படி இப்படித்தான்டா இருக்கும்" என்றார்.

சிறுபிள்ளைகள் கூட வந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள், துவைத்தாலும் ஒருமுறையில் வாசனை போகாது.

சரி, அந்த நெருப்பில் அப்படி என்னதான் நடக்கிறது? நம் ஊர் உணவகங்களில் பார்பிக்யூ என்றால் கம்பியில் கோத்த கோழியைக் கரியடுப்பில் வைத்துத் திருப்பித் திருப்பிச் சுடுவது. அது சுடுவது. இங்கே நடப்பது வாட்டுவது. நெருப்பு ஒரு பக்கம், கறி இன்னொரு பக்கம். சூடான காற்றும் புகையும் மட்டும் கறியைத் தாண்டிப் போய்ப் புகைபோக்கியில் ஏறும். அடுப்புக்குள் வெப்பம் சுமார் 110 முதல் 135 டிகிரி செல்சியஸ். நெஞ்சுக்கறி, அதாவது பிரிஸ்கெட், அதில் பத்து முதல் பதினாறு மணி நேரம் கிடக்கும். லாக்ஹார்ட்டின் பழைய செங்கல் அடுப்புகள் இதைவிடச் சூடு கூடியவை, அங்கே வேலை இன்னும் சீக்கிரம் முடியும்.

ஏன் இவ்வளவு நேரம்? மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. முன்பக்கத்துப் பாரத்தை நெஞ்சுத் தசைதான் தாங்குகிறது. நாளெல்லாம் உழைக்கும் தசை என்பதால் அதில் கொலாஜன் என்னும் இணைப்புத் திசு நிறைய. அவசரமாகச் சுட்டால் செருப்புத் தோல். பொறுமையாக வெப்பம் ஏறி, உள்ளே 90 டிகிரியைத் தாண்டி அங்கேயே கொஞ்ச நேரம் நின்றால்தான் அந்தக் கொலாஜன் உருகி ஜெலட்டின் ஆகும். ஆட்டுக்கால் பாயாவை இரவெல்லாம் கொதிக்கவிட்டால் காலையில் விரல் ஒட்டுமே, அதே ஜெலட்டின்தான். ஒரு காலத்தில் மலிவாக விற்ற கறி இது. அதை மெத்தென்று ஆக்கியது நேரம் மட்டுமே.

நடுவில் ஒரு சோதனை வரும். கறியின் உள்வெப்பம் 65, 70 டிகிரி வரை மளமளவென்று ஏறிவிட்டு அப்படியே நின்றுவிடும். ஒரு மணி, இரண்டு மணி, சில நாள் நான்கு மணி நேரம்கூட முள் நகராது. முதல்முறை வீட்டில் செய்தபோது அடுப்பு கெட்டுப்போனது என்று நினைத்து விறகை அள்ளிப் போட்டு எல்லாவற்றையும் கருக்கிவிட்டேன். காரணம் மிக எளிது. கறியின் மேல்பரப்பிலிருந்து ஈரம் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. அடுப்பு கொடுக்கும் சூட்டையெல்லாம் அந்த ஆவி எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. மண்பானையில் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படி. ஈரம் குறைந்தால் வெப்பம் மறுபடி ஏறும். இந்தக் கட்டத்தில்தான் பல கடைகளில் கறியைத் தடித்த பழுப்புத் தாளில் சுற்றி மறுபடி உள்ளே வைக்கிறார்கள். ஆவி அடங்கும், ஆனால் தாள் மூச்சுவிடுவதால் மேல்பொருக்கு ஊறிப்போகாது.

அந்தப் பொருக்கைப் பார்த்து அப்பா "கருகிடுச்சே" என்பார். என் வீட்டிலும் எல்லோரும் முதலில் அதைத்தான் சொன்னார்கள். அது கருகல் இல்லை. உப்பும் ஒன்றிரண்டாக உடைத்த மிளகும் கறியின் புரதமும் கொழுப்பும் புகையும் சேர்ந்து பல மணி நேரத்தில் இறுகிய ஓடு. பார்க் என்பார்கள், மரப்பட்டை என்று பொருள். நடு டெக்சாஸ்காரர்கள் பிரிஸ்கெட்டுக்கு உப்பையும் மிளகையும் தவிரப் பெரிதாக எதுவும் சேர்ப்பதில்லை. மிளகுக்காரர்களான நமக்கு அந்த ஓரத் துண்டு பிடிக்காமல் போகாது. டெய்லர் ஊரில் உள்ள லூயி மியூலர் கடையில் மிளகு தூக்கலாகவே இருக்கும், தொண்டையில் இதமாக ஏறும்.

வெட்டிய துண்டில் பொருக்குக்கு உள்ளே ஒரு இளஞ்சிவப்பு வளையம் தெரியும். வேகவில்லை என்று பயப்பட வேண்டாம். விறகு எரியும்போது வரும் வாயுக்கள் கறிக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்னும் புரதத்தோடு சேர்ந்து அந்த நிறத்தை அப்படியே பிடித்து வைத்துவிடுகின்றன. பார்க்க அழகு, அவ்வளவுதான். அதற்கும் ருசிக்கும் சம்பந்தம் இல்லை.

ருசி விறகில் இருக்கிறது. இங்கே போஸ்ட் ஓக் என்னும் ஓக் மரம். வெட்டிப் பல மாதம் காயவைத்துத்தான் எரிப்பார்கள். பச்சை விறகின் வெள்ளைப் புகை நம் கண்ணைக் கரிப்பது போலவே கறியையும் கசக்க வைத்துவிடும். நெருப்புக்குக் காற்று தாராளமாகக் கிடைத்து, சுத்தமாக எரிந்து, புகைபோக்கியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய நீலம் ஓடினால் அது நல்ல புகை. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருள் சிதைந்து உண்டாகும் குவாயக்கால், சிரிங்கால் போன்ற பொருள்கள்தான் நாம் உணரும் அந்த மணம். கடைக்குப் போகும்போது வாகனம் நிறுத்தும் இடத்திலிருந்தே மூக்கையும் கண்ணையும் பயன்படுத்துங்கள். பின்னால் விறகு அடுக்கியிருக்கிறதா, புகைபோக்கியில் என்ன நிறம் என்று பார்த்தாலே கடையைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

ஆஸ்டினுக்கு மேற்கே, லானோ போன்ற ஊர்களில், மெஸ்கிட் மரத்தை எரிப்பார்கள். அது வேறு யாருமில்லை, நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. நெருப்பு கடுமை, புகை காரம். அதனால் அதைத் தனியாக எரித்துக் கங்காக்கி, கங்கை மட்டும் வாரிக் கறிக்கு அடியில் போடுவார்கள். கரிமூட்டம் போடும் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அந்தத் தர்க்கம் சட்டென்று பிடிபடும்.

இதையெல்லாம் செய்பவர்களைப் பிட்மாஸ்டர் என்கிறார்கள். எனக்கு அவர்களில் மிகுந்த மரியாதை டூட்ஸி டோமனெட்ஸ் அம்மா மேல். 1935ல் பிறந்தவர். 1966ல் கிடிங்ஸ் என்ற ஊரில் ஒரு கறிக்கடையில் அடுப்பு வேலையைக் கற்றுக்கொண்டார். 2003 முதல் லெக்சிங்டனில் ஸ்னோஸ் கடையின் அடுப்பு அவர் கையில். கடை சனிக்கிழமை மட்டும்தான் திறக்கும். மற்ற நாள்களில் அவர் ஒரு பள்ளியில் பராமரிப்பு வேலை பார்த்துவந்தார். 2008ல் டெக்சாஸ் மன்த்லி இதழ் அந்தச் சின்ன ஊர்க் கடையை மாநிலத்திலேயே முதலிடம் என்று எழுதியது, 2017ல் மறுபடியும். நள்ளிரவு தாண்டியதும் அடுப்படிக்கு வந்து, மண்வாரியில் கங்கு அள்ளிப் போட்டு, கை வைத்தே சூட்டைக் கணிக்கும் ஒருவரைப் பக்கத்தில் நின்று பார்க்க முடிவது பெரிய கொடுப்பினை. அங்கே பன்றித் தோள்பட்டைத் துண்டுதான் அவருடைய கைவண்ணம். ஆனால் பெற்றோரோடு போனால் விடியற்காலையிலேயே வரிசை கட்டி நிற்க வேண்டும், அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி வாங்கும் முறை. வரிசை நகர்ந்து வெட்டுபவர் முன்னால் வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி "லீனா, மாயிஸ்ட்டா?" சில கடைகளில் மாயிஸ்ட் என்பதற்குப் பதில் ஃபேட்டி என்பார்கள். பிரிஸ்கெட்டில் இரண்டு தசைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். தட்டையான பக்கம் கொழுப்புக் குறைந்தது, அதுதான் லீன். மேல்பக்கம் கொழுப்பு ஊடுருவியது, அதுதான் மாயிஸ்ட். முதல்முறை போகிறவர்கள் உடம்புக்கு நல்லது என்று லீன் கேட்டு, வறட்சியாக இருக்கிறது என்று ஏமாந்து திரும்புகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கொழுப்புள்ளதைக் கேளுங்கள், அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். நன்றாக வெந்த துண்டில் கொழுப்பு வெள்ளையாக ரப்பர் மாதிரி இருக்காது, கண்ணாடிபோல் தெரியும். துண்டை விரல்மேல் மடித்துப் போட்டால் உடையாமல் தொங்க வேண்டும், மெல்ல இழுத்தால் பிரிய வேண்டும். பொலபொலவென்று உதிர்ந்தால் வேக்காடு மிஞ்சியது.

எடை பவுண்டுக் கணக்கு, ஒரு பவுண்டு 454 கிராம். ஆளுக்குக் கால் கிலோ என்று எடுத்துக்கொண்டால் தாராளம். "அரை பவுண்டு" என்றுதான் சொல்ல வேண்டும் என்பதில்லை. "இரண்டு துண்டு" என்று கேட்டாலும் வெட்டிக் கொடுப்பார்கள். அப்பாவுக்குச் சில்லுச் சில்லாக நான்கைந்து வகை ருசி பார்க்க ஆசை என்றால் அப்படியே சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். மாட்டு விலாவை மட்டும் யோசித்து வாங்குங்கள். ஒரே எலும்பு ஒரு பவுண்டைத் தாண்டும், மூன்று பேருக்கு அதுவே போதும். கிரைட்ஸ், ஸ்மிட்டிஸ் இரண்டிலும் கறி ஒரு இடத்தில், பானமும் பக்க உணவும் சாப்பாட்டுக் கூடத்தில் இன்னொரு இடத்தில். முதல் வரிசையில் நின்று உருளைக்கிழங்கு கேட்டால் கிடைக்காது.

கையால் சாப்பிடுவதில் நமக்கு என்ன தயக்கம்? நீங்கள் முள்கரண்டி கேட்டதுதான் எனக்கு ஆச்சரியம், தம்பி. கிரைட்ஸ் கடையில் நெடுங்காலம் முள்கரண்டியும் சாஸும் கிடையாது என்பதையே பெருமையாகப் பலகையில் எழுதியிருந்தார்கள். நல்ல கறியை மறைக்க எதுவும் வேண்டாம் என்பது அவர்கள் எண்ணம். பிறகு அவர்களும் காலத்துக்கு இறங்கிவந்து சாஸ் வைத்தார்கள். முதல் வாயை வெறும் கறியாகச் சாப்பிடச் சொல்லுங்கள். இரண்டாவது வாய்க்குப் பச்சை வெங்காயம். காரம் தேடினால் ஊறவைத்த ஹலபீனோ மிளகாய் கிடைக்கும். அது நம் நாக்குக்கு மோர் மிளகாய் போல ஒத்துப்போகும்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு வான்கோழி நெஞ்சுக்கறி இருக்கிறது, பல கடைகளில் கோழியும் உண்டு. வான்கோழி என்றால் சக்கை என்று ஒரு எண்ணம் இருக்கிறது. நல்ல கடையில் வெண்ணெயும் மிளகும் சேர்ந்து பஞ்சு மாதிரி வரும், என் மாமியார் அதைத்தான் விரும்பிச் சாப்பிடுவார். ஆனால் சில விஷயங்களில் கவனம். சாசேஜில் பெரும்பாலும் மாட்டுக்கறி உண்டு. பெயரில் பன்றி என்று இருந்தாலும், ஹலபீனோ சீஸ் என்று இருந்தாலும் கேட்காமல் கொடுக்காதீர்கள். மேலே உறையாக இருக்கும் குடலும் பெரும்பாலும் பன்றியுடையது, பன்றி விலக்கும் நண்பர்கள் கூட வந்தால் சொல்லிவிடுங்கள். பின்ட்டோ பீன்ஸ் பார்க்கச் சைவம்போல் இருக்கும், பிரிஸ்கெட் துணுக்கோ பேக்கன் என்னும் உப்பிட்ட பன்றிக்கறியோ போட்டுத்தான் கொதிக்கவைப்பார்கள். உருளைக்கிழங்கு சாலட், முட்டைக்கோஸ் சாலட், ரொட்டி, ஊறுகாய் இவை பயமில்லை. எல்லாக் கறியையும் ஒரே பலகையில் ஒரே கத்தியால் வெட்டுவது வழக்கம். அம்மாவுக்கு அது மனத்துக்கு ஒப்பாது என்றால், வான்கோழியை முதலில், சுத்தமான தாளில், கத்தியைத் துடைத்து வெட்டித் தரும்படி கேளுங்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் முகம் சுளிக்காமல் செய்து தந்திருக்கிறார்கள். அதுவும் ஒப்பாது என்றால் அவரை வற்புறுத்தாதீர்கள். வரும்போதே தயிர்ச்சாதம் கட்டிக்கொண்டு வந்து காரில் வைத்திருங்கள்.

எப்போது போவது? வார நாள், காலை பதினொன்றுக்குள். கறி முந்தின நாளே அடுப்பில் ஏறியிருக்கும். தீர்ந்தால் தீர்ந்ததுதான், அதைக் கூட்டமாக வந்தவர்களுக்காக அரை மணியில் மறுபடி செய்ய முடியாது. உங்களுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு நடந்தது அதுதான். ஆஸ்டின் நகரத்துக்குள் ஃபிராங்க்ளின் பார்பிக்யூ இருக்கிறது. 2009ல் ஒரு டிரெய்லரில் ஆரம்பித்தது, 2015ல் அதன் உரிமையாளர் ஆரன் ஃபிராங்க்ளின் அமெரிக்கச் சமையல் உலகின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது பெற்றார். பிரிஸ்கெட்டுக்காக மட்டும் என்றால் அதை அடிக்க ஆள் குறைவு. ஆனால் மணிக்கணக்கில் வரிசை, வயதானவர்களுக்கு மடக்கு நாற்காலி கொண்டுபோக வேண்டும். 2024ல் மிஷெலின் வழிகாட்டி முதல்முறையாக டெக்சாஸுக்கு வந்து நான்கு பார்பிக்யூ கடைகளுக்கு நட்சத்திரம் கொடுத்தது, அவற்றில் மூன்று ஆஸ்டினில். கூட்டம் இன்னும் கூடியிருக்கிறது. பெற்றோரோடு போக நான் சொல்வது லாக்ஹார்ட், இல்லாவிட்டால் டெய்லர். லூயி மியூலர் கடை 1949ல் தொடங்கியது. அதன் சுவரில் வாடிக்கையாளர்கள் குத்திவைத்த முகவரி அட்டைகள் புகையில் பழுத்து, எழுத்து மறைந்து, மரத்தோடு மரமாகிவிட்டன. அப்பா அதை ரசிப்பார்.

விலையைப் பற்றி உங்கள் கோபம் நியாயம்தான். முன்னணிக் கடைகளில் பிரிஸ்கெட் பவுண்டு முப்பது டாலரைத் தாண்டிவிட்டது. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆறு கிலோ பச்சைக் கறி வாங்கினால் கொழுப்பைச் சீவி, வாட்டி, ஈரமும் நெய்யும் இறங்கியபின் கையில் நிற்பது ஏறத்தாழ மூன்று கிலோ. அதற்கு ஒரு இரவு முழுக்க ஆள் விழித்திருக்க வேண்டும், விறகு வேண்டும். இந்தக் கடைகளில் பலவற்றில் லாபம் பிரிஸ்கெட்டில் வருவதே இல்லை, சாசேஜிலும் பக்க உணவிலும் பானத்திலும்தான் ஈடுகட்டுகிறார்கள். சாசேஜ் நாலு கூடுதலாக வாங்குங்கள், உங்களுக்கும் மலிவு, அவர்களுக்கும் உதவி.

மிச்சத்தை விட்டுவிட்டு வராதீர்கள். அந்தத் தாளையே சுற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் ரப்பராகிவிடும். தாளோடு ஓவனில் 120 டிகிரி செல்சியஸில், அடியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, அரை மணி நேரம் சூடாக்கினால் மறுபடி உயிர் வரும். நான் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. மறுநாள் காலை கறியைப் பொடியாக நறுக்கி, வாணலியில் நல்லெண்ணெய் விட்டு, சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் ஒரு பச்சை மிளகாயும் வதக்கி, கறியைப் போட்டு ஓரம் முறுகும்வரை பிரட்டி எடுப்பேன். மிளகும் கொழுப்பும் கறியிலேயே இருக்கிறது. சூடான சோற்றில் போட்டுப் பிசைந்தால் புகை வாசனை மெல்ல மேலே வரும். உப்பு மட்டும் போட்டுவிடாதீர்கள்.